கோவிந்தம்மாள் பார்த்தது

சவேரியார் கொட்டாய்,
கடத்தூர் வழி.
18-1-1970

மாப்பிள்ளை அருள்சாமி அவர்களுக்கு மச்சான் கஸ்பார் எழுதுவது.

எழுதுவது என்றால் நானே எழுதுவது. கிழவன் யாரைக் கெஞ்சி எழுதி வாங்கினான் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். இது என் கை. இதுவரை வந்ததற்கே காலை பூராவும் ஆகிவிட்டது. ஆகட்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நலம். உங்கள் நலத்தை நான் கேட்கப்போவதில்லை. என் தங்கை மதலேனம்மாள் நலமா என்பதை மட்டும் எழுதவும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்த ஒரு காரணத்தால்தான் உங்கள் பெயரை எழுத வேண்டி வந்தது. உங்கள் பெயரில் வரும் 'ரு' எனக்குக் கடைசிவரை படியவில்லை. ஆளும் அப்படித்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன், என் மகள் கல்யாணத்தில், மாதா கோயில் பதிவேட்டில் நான் ரேகை வைத்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மச்சானுக்குப் பெருவிரல்தாங்க பேனா." சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். பங்குச் சாமியாரும் சிரித்தார். என் வீட்டுப் படியை இனி மிதிக்க வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன். நீங்களும் மிதிக்கவில்லை, தங்கையையும் அனுப்பவில்லை.

போன வருடம் எங்கள் ஊரில் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம். வாத்தியார் அப்துல் சுபான். முதல் நாள் அவர், "பெரியவரே, இந்த வயசுல கண்ணு ஒத்துழைக்குங்களா?" என்றார். "மாட்டுப் பல்லைப் பாத்து வயசு சொல்ற கண்ணுங்க. உங்க 'அ' என்னா, அதைவிடப் பொடிசா?" என்றேன். பத்து மாதம். பதினோரு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை.

இப்போது பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்கிறேன். உர மூட்டையைப் படிக்கிறேன். பொட்டலம் கட்டி வந்த பேப்பரில் யாரோ ஒருவருடைய மரண அறிவிப்பு இருந்தது, அதையும் விடாமல் படித்தேன். ஆள் யாரென்று தெரியாது. ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

கஸ்பார்


தருமபுரி
29-1-1970

மச்சான் கஸ்பார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத மூன்று நாள் ஆனதாகச் சொல்கிறீர்கள். படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. முப்பத்திரண்டு வருடம் கம்பவுண்டராக இருந்து டாக்டர்களின் கிறுக்கலை எல்லாம் படித்தவன் நான். உங்கள் எழுத்து அவற்றையும் மிஞ்சியது. வெறிநாயைக் கண்ட ஆட்டுமந்தை மாதிரி ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் ஓடுகிறது.

எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டால் அறிவு வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மரண அறிவிப்பைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படுகிறவரிடம் வேறு என்ன சொல்ல?

உங்கள் தங்கை நலம். எனக்கு முழங்கால் வலி. மருந்தை நானே கலந்துகொள்கிறேன். யார் வாசலிலும் போய் நிற்க வேண்டிய கதி எனக்கில்லை. பாஸ்குத் திருநாளுக்கு முந்தின தபசுகாலம் வருகிறது. வழக்கம்போல் நாற்பது நாளும் ஒருசந்தி இருந்து, சாயங்காலம் ஒரு வேளை மட்டும் சாப்பிடுவேன். மூன்று வேளையும் களியை உருட்டி விழுங்குகிற உங்கள் பக்கத்துப் பக்தி எனக்குத் தெரியும். அறுபத்திரண்டு வயதில் என்னைப்போல் இருந்து காட்டுங்கள், பிறகு பேசலாம்.

அருள்சாமி,
ஓய்வு பெற்ற கம்பவுண்டர்


சவேரியார் கொட்டாய்
14-3-1970

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நேற்றுச் சந்தைக்குப் புளி வாங்க தஸ்தகீர் பாய் வந்திருந்தார். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மனைவி ரோஷன் பீயிடம் என் தங்கை அழுதுகொண்டே சொன்னதை, பாய் என்னைப் புளி மூட்டைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கம்பவுண்டரய்யாவுக்கு வெளிக்குக் கருப்பா போவுதாம். ரோட்டுக்கு ஊத்துற தார் மாதிரி."

"யாரு பாத்தது?"

"கக்கூஸ் அள்ள வர்ற கோவிந்தம்மா. உங்க தங்கச்சிகிட்ட அவதான் சொன்னா. அய்யாகிட்டயும் சொல்லியிருக்கா. அய்யா செருப்பைக் கழட்டிக்கிட்டு வந்துட்டாராம்."

முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றும் பாய் சொன்னார்.

மாப்பிள்ளை, சந்தையில் மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள். நான் முதலில் சாணியைப் பார்ப்பேன். கஸ்பார் சாணியைப் பார்த்துத் தலையாட்டினால்தான் முன்பணம் கொடுப்பார்கள். எழுத்துப் படிக்கத் தெரியாத காலத்திலும் சாணியைப் படித்தவன் நான். வயிற்றுக்குக் கீழே கடைசிக் குடலில் ரத்தம் கசிந்தால் சிவப்பாக வரும். மேலே, இரைப்பையில் கசிந்தால் சிவப்பாக வராது. வழியெல்லாம் வெந்து கருப்பாகி வரும். எங்கள் செவலைக் காளை நாலு நாள் அப்படிக் கழிந்தது. ஐந்தாம் நாள் படுத்தது. வயிற்றைக் கிழித்துப் பார்த்தோம், உள்ளே புண்.

அந்தக் காளைக்கு வாய் இல்லை. உங்களுக்கு இருக்கிறது, அது எல்லோரையும் ஏசுவதற்கு மட்டும் திறக்கிறது. உள்ளே போகிற மருந்தின் பெயரெல்லாம் இங்கிலீஷில் தெரியும். வெளியே வருவதைப் பார்க்க மட்டும் மானக்கேடு. உடனே பெரிய டாக்டரைப் பாருங்கள். உங்களுக்காகச் சொல்லவில்லை. என் தங்கை வெள்ளைச் சேலை கட்டக்கூடாது.

கஸ்பார்


தருமபுரி
17-3-1970

கஸ்பார் அவர்களுக்கு,

ஒரு மனிதனுடைய மலத்தைப் பற்றிச் சந்தையில், புளி மூட்டைக்குப் பின்னால் நின்று பேசியிருக்கிறீர்கள். அதைக் கடிதத்திலும் எழுதியிருக்கிறீர்கள். எழுத்துக் கற்றுக்கொடுத்த வாத்தியார் இதை அறிந்தால் பலகையை உடைத்துவிட்டு ஓடுவார்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். எனக்குக் கொஞ்சம் தலைசுற்றல் இருந்தது. ரத்தச் சோகை என்று நானே கண்டுபிடித்து, இம்மாதம் ஒன்பதாம் தேதியிலிருந்து இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். இரும்பு சாப்பிட்டால் மலம் கருக்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்த கம்பவுண்டருக்கும் தெரிந்த பாடம் இது. முழங்காலுக்கு நாளைக்கு நாலு வலிப் பொடி போடுகிறேன். ஆஸ்பிரின் கலந்து நானே மடித்த பொடி. காலையில் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு முழந்தாள் இட வேண்டியிருப்பதால் எழுந்ததும் இரண்டு. பொடிக்கும் தண்ணீருக்கும் ஒருசந்தி முறியாது, அதனால் சாமியாருக்கும் கணக்குச் சரி, முழங்காலுக்கும் சரி.

மாட்டுக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர், கக்கூஸ் அள்ளுகிற ஒருத்தியின் பேச்சைக் கேட்டு எனக்கு வைத்தியம் சொல்கிறார்! அவள் பெயரே உங்கள் கடிதத்தில்தான் பார்த்தேன். எனக்கு அது தேவையும் இல்லை. இனிமேல் என் வீட்டுப் பின்புறம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஆள் வருகிறது. அது வாயைத் திறப்பதில்லை.

அருள்சாமி


சவேரியார் கொட்டாய்
24-3-1970

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஒன்பது தடவை படித்தேன். வாயால் சொல்லியிருந்தால் "நான் எப்போ சொன்னேன்?" என்று தாண்டிவிடுவீர்கள். இப்போது உங்கள் எழுத்து என் கையில் இருக்கிறது.

முதலில் இரும்பு. நீங்கள் சொன்னது உண்மையா என்று பார்க்க, கடத்தூர் மருந்துக்கடைக்குப் போய் அதே மாத்திரையை வாங்கினேன். சீசாவின் மேல் எழுதியிருந்ததைக் கடைக்காரர் முன்னாலேயே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவர், "யாருக்குங்க, வூட்ல அம்மாவுக்கா?" என்றார். "எனக்கு. ஒரு படிச்ச முட்டாளைச் சோதிக்க" என்றேன். ஐந்து நாள் சாப்பிட்டேன். தினமும் காட்டுக்குப் போனதும் குச்சியும் கையுமாகக் குனிந்து பார்த்தேன். கருப்பண்ணன் வரப்பில் நின்று, "என்னா மாமா, தங்கம் கிங்கம் வுழுந்துருச்சா?" என்று கேட்டான். முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள் கரும்பச்சை. மூன்றாம் நாள் கருப்பேதான். ஒரு நிமிடம் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று நினைத்து வயிறு எரிந்தது. ஆனால் கிளறிப் பார்த்தால் கட்டியாக, மங்கலாக இருக்கிறது. பளபளப்பு இல்லை, குச்சியில் ஒட்டவில்லை. நாற்றமும் வழக்கமான நாற்றம்தான்.

போன சந்தையிலேயே தஸ்தகீர் பாயிடம் ஒரு வேலை சொல்லி அனுப்பியிருந்தேன். இந்தச் சந்தைக்குப் பதில் கொண்டுவந்தார். ரோஷன் பீ கேட்டதற்குக் கோவிந்தம்மாள் சொன்னது இது: "பசை மாதிரி ஒட்டுதுங்க. ஒரு வாளி ஊத்தினாலும் போவாது. பளபளன்னு இருக்குது. எத்தனையோ வூட்டு நாத்தம் பாத்தவ நானு, எனக்கே கொமட்டுது. இது ரத்தங்க."

இது இரும்பா, மாப்பிள்ளை?

அடுத்தது தேதி. அவள் முதலில் என் தங்கையிடம் சொன்னது தபசுகாலச் சிலுவைப்பாதையின் இரண்டாவது வெள்ளிக்கிழமை. தங்கைக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலண்டரை எடுத்து நானே விரல் வைத்துப் பார்த்தேன். பிப்ரவரி இருபது. நீங்கள் இரும்பு சாப்பிட ஆரம்பித்தது மார்ச் ஒன்பது, உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. பதினேழு நாள் கழித்துச் சாப்பிடப்போகும் மாத்திரைக்கு முன்கூட்டியே கருப்பாகப் போகிற குடல் கம்பவுண்டர்களுக்கு மட்டும் உண்டா?

தலைசுற்றல் வந்ததே ரத்தம் போனதால். அதற்கு இரும்பு. அந்த இரும்பின் மேல் பழி. வெறும் வயிற்றில் பொடி வேறு. ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கசிகிற தண்ணீரைப் பார்த்து, பார் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பெருமை பேசுகிறீர்கள்.

பொடியை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒருசந்தியை விடுங்கள். சாமி கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கஸ்பார்


தருமபுரி
26-3-1970

கஸ்பார்,

இனி எழுத வேண்டாம். பெரிய வெள்ளி முடியட்டும். பாஸ்கு வரைக்கும் ஒருசந்தியை முறிக்கமாட்டேன். உங்கள் காட்டுக் குச்சி ஆராய்ச்சி உங்களோடு இருக்கட்டும்.

அருள்சாமி


28-3-1970

மாப்பிள்ளை,

உங்கள் கடைசிக் கடிதம் இன்று வந்தது. நாலு வரி. எழுத்து வலப்பக்கம் சரிந்து, கோடு நடுங்கி, உங்கள் பெயரின் கடைசி எழுத்து பாதியில் நிற்கிறது. நடுங்குகிற எழுத்தை என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆறு மாதம் அப்படித்தான் எழுதினேன். என்னுடையது பழகாத கை. உங்களுடையது நாற்பது வருடம் பழகிய கை. அது நடுங்கினால் உடம்பில் ரத்தம் இல்லை.

இதைத் தபாலில் போடவில்லை. நாளை முதல் பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். மகன் சின்னப்பராஜும் தம்பி மகனும் கூட வருகிறார்கள். பாஸ்குப் பூசைக்கு நான் இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை. உங்கள் வாசலில் நின்று பேசினால் சண்டைதான் வரும். ஆகவே வாயைத் திறக்காமல் இதைக் கையில் கொடுப்பேன். படித்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறுங்கள். மறுத்தால் சின்னப்பராஜ் தூக்கிக்கொண்டு போவான். அவன் களி தின்கிறவன். நெல் மூட்டையைத் தூக்குவான். நீங்கள் எம்மாத்திரம்.

கஸ்பார்


சேலம்
12-4-1970

மச்சான் கஸ்பார் அவர்களுக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து மோசமாக இருந்தால் மகிழ்ந்துகொள்ளுங்கள்.

தொப்பூர்க் கணவாய் வரைதான் எனக்கு நினைவு. அங்கே உங்கள் மகன் மடியில் சாய்ந்தேன் என்கிறார்கள். இருக்கலாம். அவன் சட்டையில் மாட்டு வாடை அடித்தது மட்டும் ஞாபகம்.

இரைப்பையில் புண். பொடியால் வந்தது, பட்டினியால் ஆழமாகிவிட்டது. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். உங்கள் தங்கை பக்கத்தில் இருந்ததால் முடிக்கவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். உங்கள் மகனுடையது ஒன்று, தம்பி மகனுடையது ஒன்று. நீங்களும் கையை நீட்டினீர்களாம், கிழவர் ரத்தம் வேண்டாம் என்று துரத்தினார்களாம். நல்ல வேளை. உங்கள் ரத்தமும் ஏறியிருந்தால் நானும் குச்சியோடு காட்டுக்குப் போயிருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று அந்த டாக்டர், முப்பது வயதுகூட இருக்காது, கேட்ட கேள்விகள்: கருப்பா? பளபளப்பா? ஒட்டுதா? எந்தத் தேதியிலிருந்து? இரும்பு எந்தத் தேதியிலிருந்து? மயங்கிக் கிடந்த எனக்குப் பதிலாக, எல்லாத் தேதியும் எழுதி நீங்கள் மடித்து வைத்திருந்த தாளை நீட்டியதாக உங்கள் தங்கை சொன்னாள். மறுநாள் அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருங்க இதை எழுதினது? இப்படி ஒருத்தர் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை" என்றார். நான்தான் என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஆட்டுமந்தை எழுத்து காட்டிக்கொடுத்துவிடுமே என்று அடக்கிக்கொண்டேன். பிறகு அவர், "நீங்க கம்பவுண்டரா இருந்தவரா?" என்று கேட்டார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னும் இரண்டு மாதத்துக்கு மலத்தைத் தினமும் பார்க்க வேண்டுமாம். மறுபடி கருத்தால் உடனே ஓடிவர வேண்டும். எங்கள் கக்கூஸில் ஜன்னல் இல்லை, என் கண்ணில் புரை. என்ன செய்வது என்று தெரியவில்லை. உங்களிடம் யோசனை கேட்பதாக எண்ண வேண்டாம்.

அருள்சாமி


சவேரியார் கொட்டாய்
20-4-1970

மாப்பிள்ளை அவர்களுக்கு,

டாக்டர் சொன்னதை நீங்கள் எழுதியிருந்த இடத்தை மட்டும் வாத்தியாரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் படிக்கச் சொன்னது ஒரு தடவை. நான் படித்தது மூன்று தடவை.

யோசனை கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்காத யோசனையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இதைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளைத்தான் துரத்தினீர்கள். இப்போது வருகிற ஆள் வாயைத் திறப்பதில்லை என்று மெச்சினீர்களே, அந்த ஆள் இருந்தால் அடுத்த தடவை யாருக்கும் தெரியாமல் போய்ச் சேருவீர்கள்.

கோவிந்தம்மாளைத் திரும்பக் கூப்பிடுங்கள். தங்கையை விட்டுச் சொல்லக்கூடாது. ரோஷன் பீ மூலமாகவும் கூடாது. நீங்களே பின்பக்கம் போய் நின்று கேட்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் தங்கையைக் கூட்டிவர மறுபடியும் முதல் பஸ் ஏறுவேன். செத்துப்போகத் துணிந்தவனுக்கு அவள் எதற்குச் சோறு ஆக்க வேண்டும்?

கஸ்பார்


தருமபுரி
17-5-1970

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து இத்தனை நாளாகப் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாததால் அல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து நாள் பின்பக்கக் கதவு வரை போய்த் திரும்பினேன். ஆறாம் நாள் தெருக்கோடிக்கே போய்விட்டேன். அவள் வண்டி அங்கே வேப்பமரத்தடியில் நின்றது. என்னைப் பார்த்ததும் விலகி நின்றாள். செருப்பைப் பார்த்தாள், கையில் இருக்கிறதா காலில் இருக்கிறதா என்று. காலில்தான் இருந்தது.

"நாளையிலிருந்து வூட்டுக்கு வா" என்றேன். இத்தனை வருடம் தருமபுரி டவுனில் இருந்தும் பதற்றத்தில் எனக்கும் உங்களைப்போல் 'வூடு' என்றே வந்தது.

"எதுக்குங்க?" என்றாள்.

வண்டிக்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டியிருந்தது. "தினமும் பாத்து எங்கிட்ட சொல்லணும். கருப்பா இருக்கா இல்லையான்னு."

அவள் வாளியை வண்டியில் வைத்தாள், துடைப்பத்தை வைத்தாள். மறுநாள் வந்தாள். வந்துவிட்டுப் போனாள், ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. உங்கள் தங்கை, "போய்க் கேளுங்க, வாயில முத்தா உதுந்துடும்?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ரத்தம் என் உடம்பில் ஏறியதிலிருந்து அவளுக்குத் தைரியம் வந்திருக்கிறது.

நேற்றுக் காலை பின்பக்கம் போய் நின்றேன். முன்னால் எப்படிக் கூப்பிடுவேன் தெரியுமா? "ஏய்" என்பேன். அவ்வளவுதான். நேற்று, "கோவிந்தம்மா" என்று கூப்பிட்டேன்.

திரும்பினாள். என்னை நன்றாகப் பார்த்தாள்.

"எம் பேரு தெரியுங்களா உங்களுக்கு?"

"தெரியும்."

"பதினோரு வருசமா அள்றேன். என்னை நல்லா இருக்கியான்னு ஒரு நாளு கேட்டதில்லை. ஒங்க பீ நல்லா இருக்கான்னு கேக்க மட்டும் பேரு சொல்லிக் கூப்புடறீங்க."

முப்பத்திரண்டு வருடம் எத்தனையோ நோயாளிகளின் வாயை அடைத்தவன், துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போ என்று அவளும் சொல்லவில்லை, போகலாம் என்று என் காலும் சொல்லவில்லை. கடைசியில், "நல்லா இருக்கியா?" என்று கேட்டேன்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்த பிறகு, திரும்பாமலே சொன்னாள்:

"மஞ்சளாத்தான் இருக்குதுங்க. ரத்தம் நின்னுருச்சு. போயி நேரத்துக்குச் சாப்புடுங்க."

அருள்சாமி